கரும்பில் தொடங்கி காட்டுக்குப் போனவர்: ஜானகி அம்மாள்

கொடைரோடு ஸ்டேஷன்ல இறங்கி மேற்கே பாருங்க. நீலமா தெரியுற பழனிமலைக்குள்ளே பளியர்னு ஒரு மக்கள் வாழுறாங்க. வேட்டை, மலைத்தேன், காட்டு வள்ளிக்கிழங்கு, இதுதான் அவங்க முன்னோர்களோட பிழைப்பு. எந்தக் கொடிக்குக் கீழே கிழங்கு இருக்கும், எதை எப்படிப் பக்குவம் பண்ணினா சாப்பிடலாம்னு அவங்களுக்கு எந்த டெக்ஸ்ட்புக்கும் சொல்லித் தரலை. கொடைக்கானல் பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்துல நாம இதையெல்லாம் யோசிக்கிறதில்லை. ஆனா இப்படிப்பட்ட அறிவு கண்ணெதிரே அழியுதேன்னு கவலைப்பட்ட ஒரு விஞ்ஞானி நம்ம சென்னையிலேயே இருந்தாங்க. பேர் இ.கே. ஜானகி அம்மாள்.

1897-ல தலைச்சேரியில பிறந்தவங்க. அப்போ அது மதராஸ் மாகாணம், அதனால நாமளும் கொஞ்சம் சொந்தம் கொண்டாடலாம்! சென்னையில ராணி மேரி கல்லூரி, பிறகு மாநிலக் கல்லூரி. வீட்டில கல்யாணப் பேச்சு எடுத்தப்போ, அமெரிக்காவில மிச்சிகன் பல்கலைக்கழக ஸ்காலர்ஷிப் கையில இருந்தது. ஜானகி கப்பல் ஏறிட்டாங்க. 1931-ல அங்கேயே டாக்டர் பட்டம்.

திரும்பி வந்து 1934-ல கோயம்புத்தூர் கரும்பு ஆராய்ச்சி நிலையத்துல சேர்ந்தாங்க. ஆத்தோரம் தானா வளருற நாணல் வகைப் புல்லோட குரோமோசோம்களை எண்ணி, கரும்போட அதுக்கு என்ன உறவுன்னு ஆராய்ஞ்சாங்க. கரும்பையும் மக்காச்சோளத்தையும் கூட ஒட்டுச் சேர்த்துப் பார்த்தாங்க. ஆனா தனியா வாழுற பெண், அதுவும் ஒடுக்கப்பட்ட சாதி. அங்கே அவங்களுக்கு நிம்மதி இருக்கலை.

அடுத்து இங்கிலாந்து. நேரே உலகப்போருக்கு நடுவில! ராத்திரி குண்டு விழுந்தா கட்டிலுக்கு அடியில புகுந்துக்குவாங்க. விடிஞ்சதும் அலமாரியில சிதறின கண்ணாடியைத் தட்டிவிட்டு வேலையைத் தொடருவாங்க. புடவை மடிப்புல ஒரு அணில் குட்டியைக் கடத்திட்டுப் போன கதையும் உண்டு; அதுக்குப் பேர் கபோக். 1945-ல டார்லிங்டனோட சேர்ந்து எழுதின பயிர்த் தாவரங்களின் குரோமோசோம் அட்லஸ் அவங்களை உலகத்துக்கே தெரிய வச்சது.

நேரு கூப்பிட்டார்னு 1951-ல இந்தியா வந்து, தாவர ஆய்வுத் துறையைச் சீரமைக்கிற பொறுப்பை ஏத்துக்கிட்டாங்க. என் கணக்குல அவங்க வாழ்க்கையோட முக்கியமான பாதி இங்கேதான் ஆரம்பிக்குது. அதிக உணவு விளைவிப்போம்னு சொல்லி நாடு முழுக்கக் காட்டைத் திருத்திட்டிருந்த காலம். ஒரு அபூர்வ மக்னோலியா மரத்தைத் தேடி ஷில்லாங்கில இருந்து 37 மைல் போறாங்க. அந்தப் பக்கத்துல இருந்ததே அது ஒண்ணுதான். போய்ப் பார்த்தா எரிஞ்சு கிடக்கு.

1955-ல பிரின்ஸ்டன்ல, மனிதன் பூமியை எப்படி மாத்திட்டான்னு பேச ஒரு மாநாடு. அழைக்கப்பட்ட ஒரே பெண் இவங்கதான். அங்கே கரும்பைப் பத்தியோ குரோமோசோம் பத்தியோ பேசலை. இந்தியப் பழங்குடிகள் எதைச் சாப்பிட்டுப் பிழைக்கிறாங்க, அவங்க தாவர அறிவு என்ன, தாய்வழிச் சமூகங்கள்ல பெண்கள் செடிகொடிகளை எப்படிப் பாதுகாக்கிறாங்கன்னு பேசினாங்க. ஒரே தானியத்தை நாடெங்கும் விளைவிக்கிற வேகத்துல இதெல்லாம் தொலைஞ்சுடும்ங்கிறதுதான் அவங்க பயம். இன்னைக்கு எத்னோபாட்டனினு நாம சொல்ற துறை இந்தியாவில வேர் விட்டது இப்படிப்பட்ட ஆட்களாலதான்.

பின்னாளில மருந்துச் செடிகள் பக்கம் போனப்போ, அவங்க ஆராய்ஞ்சதுல வள்ளிக்கிழங்குக் குடும்பமும் உண்டு. ஸ்டீராய்டு மருந்துகளுக்கும் கருத்தடை மாத்திரைக்கும் மூலப்பொருளான டயோஸ்ஜெனின் இந்தக் குடும்பத்துச் சில காட்டுக் கிழங்குகள்ல இருந்துதான் வந்தது. பளியர் தோண்டுற கிழங்கும் அதே குடும்பம்தான், பாருங்க!

எழுபது வயசைத் தாண்டிச் சென்னை வந்து, மதுரவாயல்ல பல்கலைக்கழகத்தோட கள ஆய்வகத்திலேயே பூனைகளோடும் மூலிகைத் தோட்டத்தோடும் குடியிருந்தாங்க. அப்போதான் கேரளத்துல சைலண்ட் வேலி மழைக்காட்டை மூழ்கடிச்சு மின்சாரம் எடுக்கிற திட்டம் வந்தது. எண்பதை நெருங்கின அம்மா, தண்ணி ஏறுறதுக்கு முன்னாடி அங்குள்ள மரங்களோட குரோமோசோம்களைக் கணக்கெடுத்தே தீரணும்னு முடிவு பண்ணினாங்க. அணைக்கு எதிரான குரல்கள்லயும் சேர்ந்துக்கிட்டாங்க.

1984 பிப்ரவரி 7 அன்னைக்கு மதுரவாயல்லயே இறந்தாங்க. அதே வருஷம் நவம்பர் 15-ல சைலண்ட் வேலி தேசியப் பூங்காவா அறிவிக்கப்பட்டது. அந்தக் காட்டுக்குள்ள குந்திப்புழை இன்னைக்கும் அணை இல்லாம ஓடுது.