இரண்டாம் குரலாக நின்ற ஜூலியா கிரிசி

பாடசாலைப் பாடகர் குழுவில் சொப்ரானோ வரிசையில் நின்ற நமக்கு ஒன்று தெரியும். உச்சக் குரல்கள் இரண்டு சேர்ந்து பாடும்போது ஒன்று மற்றதை அமுக்கிவிடக்கூடும். அவ்வாறு அமுக்காமலும் அமுங்காமலும் பாடிய ஒருவரை இங்கு நினைவுகூருகின்றோம்.

ஜூலியா கிரிசி 1811இல் இத்தாலியின் மிலான் நகரில் பிறந்தார். மூத்த சகோதரியும் பாடகியே. 1831 டிசெம்பர் 26ஆம் திகதி, அந்நகரின் லா ஸ்காலா அரங்கில் பெல்லினியின் ‘நோர்மா’ இசைநாடகம் முதன்முதலாக மேடையேறியது. புகழின் உச்சியிலிருந்த ஜூடித்தா பாஸ்தா நோர்மாவாகவும், இருபதே வயதான கிரிசி இளைய பூசாரிப் பெண் அதல்ஜீசாவாகவும் பாடினர். ஒரே ஆணை நேசித்த அவ்விரு பெண்களும் பகையை விடுத்து நட்பைத் தெரிந்துகொள்ளும் இருவர் பாடல் அதிலே உண்டு. முதல் இரவில் சபையோர் மகிழவில்லை. பின்னர் வரவேற்பு பெருகியது.

அன்று பாஸ்தாவுக்குப் பக்கத்தில் நின்றவர், 1835இல் இலண்டனில் தாமே நோர்மாவாகப் பாடினார். அதே ஆண்டு பாரிஸில் பெல்லினியின் இறுதிப் படைப்பிலும் அவரே கதாநாயகி. 1869இல் பேர்லினில் காலமானார்.

இரண்டாம் குரலாக நின்றது அவருக்குக் குறைவைத் தரவில்லை. அடுத்தவரின் குரலைக் கேட்டுப் பாடப் பழகிய நாம், எந்நாட்டில் வாழ்ந்தாலும் இதை மறவாதிருப்போமாக.