மணலுக்குள் 42 ஆண்டுகள்

சென்ற ஆண்டு நீண்ட விடுமுறையில் நான் ஒரு தவறு செய்தேன். தாத்தாவின் மோரிஸ் மைனர் காரைப் பாட்டியைக் கேட்காமலேயே திறந்துவிட்டேன்.

தாத்தா தோட்டத்தில் கிராணியாக இருந்த காலத்தில் பழையதாக வாங்கிய கார் அது. அவர் இறந்தபோது நான் முதலாம் படிவத்தில் இருந்தேன். அன்றிலிருந்து அது வீட்டின் பின்புறத்தில் நீலத் தார்ப்பாய் போர்த்தியபடியே நின்றது. பொறியியல் படிக்கும் பேத்திக்குக் கை சும்மா இருக்குமா? நானும் சித்தப்பா மகனும் ஒரு மதிய வேளையில் தார்ப்பாயை இழுத்துப் போட்டோம், முன்மூடியைத் தூக்கினோம், கார்ப்புரேட்டரைக் கழற்றினோம். பழைய கார்கள் அணிவகுக்கும் நிகழ்வுக்கு அதைக் கொண்டு போக வேண்டும் என்று வாய் ஓயாமல் பேசிக்கொண்டே வேலை செய்தோம். கோயிலிலிருந்து திரும்பிய பாட்டி அதைப் பார்த்தார். திட்டவில்லை. இரண்டு நாட்கள் என்னோடு பேசவே இல்லை.

நான் என்ன தவறு செய்தேன் என்பது அப்போது எனக்கு விளங்கவில்லை. துருப்பிடித்துக் கிடப்பதைச் சரி செய்வது நல்ல காரியம்தானே என்று நினைத்தேன். விடுமுறை முடிந்து பல்கலைக்கழகம் திரும்பிய பிறகு, பழைய கார்களைப் புதுப்பித்தவர்களைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன். அப்படித்தான் பாரி தாமஸ் என்ற மனிதரிடம் போய்ச் சேர்ந்தேன். அவரைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

ஜான் காட்ஃபிரி பாரி தாமஸ் 1884ஆம் ஆண்டு ஏப்ரல் 6ஆம் நாள் பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில், ரெக்ஸம் நகரில் பிறந்தார். தந்தை ஒரு பாதிரியார். சிறு வயதிலேயே குடும்பம் எல்லைக்கு அப்பால் உள்ள ஓஸ்வெஸ்ட்ரி நகருக்குக் குடிபெயர்ந்தது. அங்கே பள்ளிப் படிப்பை முடித்த தாமஸ், லண்டனுக்குச் சென்று பொறியியல் படித்தார். பிரசங்க மேடை அவரை இழுக்கவில்லை. இயந்திரம்தான் இழுத்தது.

அவர் முதலில் பெயர் பெற்றது பந்தய ஓட்டுநராக அல்ல, கண்டுபிடிப்பாளராக. எஞ்சினின் ஆற்றலை மின்சாரத்தின் துணையோடு சக்கரங்களுக்குக் கடத்தும் ஒரு முறையை உருவாக்கினார். பேருந்து, டிராம், இரயில் பெட்டி ஆகியவற்றுக்காக உருவான முறை அது. முதல் உலகப் போருக்குப் பின் லேலண்ட் நிறுவனத்தின் தலைமைப் பொறியாளராக இருந்தார். லேலண்ட் என்ற பெயர் நமக்குப் புதிதன்று. சென்னையில் 1955இல் அசோக் மோட்டார்ஸ் என்ற நிறுவனம் அசோக் லேலண்ட் என்று பெயர் மாறியதும் இந்த நிறுவனத்தோடு ஏற்பட்ட உறவால்தான்.

லாரிகளுக்குப் பெயர் போன அந்த நிறுவனத்தில் இருந்துகொண்டு, உலகிலேயே சிறந்த சொகுசுக் காரைப் படைக்க வேண்டும் என்று தாமஸ் கனவு கண்டார். அவருக்கு உதவியாளராக இருந்தவர் ரீட் ரெயில்டன். எட்டு சிலிண்டர்கள் ஒரே வரிசையில் அமைந்த லேலண்ட் எயிட் என்ற அந்தக் கார், 1920இல் லண்டன் ஒலிம்பியா கண்காட்சியில் வைக்கப்பட்டது. பார்த்தவர்கள் வியந்தார்கள். ஆனால் வாங்குவதற்கு ஆள் வேண்டுமே! விலை மிக அதிகம். இருபதுக்கும் குறைவான கார்களே உருவாயின. பின்னர் மீதமிருந்த உதிரிப் பாகங்களைக் கொண்டு 1929இல் இணைக்கப்பட்ட ஒரு கார் மட்டும் பிழைத்து, அருங்காட்சியகம் சேர்ந்தது.

இந்த இடத்தில் வேறொருவராக இருந்தால் என்ன செய்திருப்பார்? கனவு போனால் போகட்டும், சம்பளம் வருகிறதே என்று லாரிகளோடு இருந்திருப்பார். தாமஸ் வேலையை விட்டார். 1907இல் திறக்கப்பட்ட புரூக்லாண்ட்ஸ் பந்தயத் தடத்துக்கு வந்தார். ஏறக்குறைய 4.4 கிலோமீட்டர் சுற்றளவு கொண்ட சிமெண்டுத் தடம் அது. வளைவுகள் மலைச்சரிவு போல உயர்ந்து நிற்கும். அந்தத் தடத்துக்கு உள்ளேயே ஒரு சிறிய வீட்டில் குடியேறினார். திருமணம் செய்துகொள்ளவில்லை. பகலில் பட்டறை, வார இறுதியில் பந்தயம் என்று வாழ்ந்தார். விற்காமல் போன லேலண்ட் காரையே பந்தயக் காராக மாற்றி, 1925இல் அந்தத் தடத்தில் மணிக்கு 208 கிலோமீட்டர் வேகத்தில் சுற்றி வந்தார்.

அடுத்து அவர் கண்ணில் பட்டது ஒரு பழைய கார். பழைய கார் விரும்பிகள் கவனிக்க வேண்டிய இடம் இது!

லூயி ஸ்போரோவ்ஸ்கி என்ற இளம் செல்வந்தர் ஒருவர் இருந்தார். பெரிய விமான எஞ்சின்களைக் கார்களில் பொருத்தி ஓட்டுவது அவருடைய பொழுதுபோக்கு. சிட்டி பேங் பேங் என்ற பெயரை முதலில் தாங்கியவை அவருடைய கார்களே. 1924 அக்டோபரில் இத்தாலியின் மொன்சா பந்தயத்தில் அவர் உயிரிழந்தார். வயது 29. அவர் விட்டுச் சென்ற கார்களில் ஒன்று ஹையம் ஸ்பெஷல். அமெரிக்க லிபர்ட்டி விமான எஞ்சின், 12 சிலிண்டர், 27 லிட்டர் கொள்ளளவு. ஓர் ஒப்பீட்டுக்குச் சொல்கிறேன்: எங்கள் தாத்தாவின் மோரிஸ் எஞ்சின் 1.1 லிட்டர்தான். அந்தக் காரின் கியர் பெட்டி ஒரு பழைய பென்ஸ் பந்தயக் காரிலிருந்து எடுக்கப்பட்டது. பின்சக்கரங்களைச் சுழற்றியவை, சைக்கிளில் இருப்பதைப் போன்ற, ஆனால் மிகப் பெரிய சங்கிலிகள்.

இறந்தவரின் சொத்திலிருந்து அதைத் தாமஸ் 125 பவுண்டுக்கு வாங்கினார். காசு நிறைந்த நிறுவனங்கள் பின்னால் நிற்க மற்றவர்கள் வேகச் சாதனைக்கு முயன்ற காலத்தில், இவர் கையில் இருந்தது ஒரு பழைய கார், ஒரு பட்டறை, அவருடைய மூளை, அவ்வளவுதான். பிஸ்டன்களைத் தாமே வடிவமைத்தார். நான்கு கார்ப்புரேட்டர்களைப் பொருத்தினார். உடலமைப்பைக் காற்றைக் கிழித்துச் செல்லும்படி மாற்றினார். அந்த முரட்டு இயந்திரத்துக்குப் பேப்ஸ் என்று ஒரு குழந்தையை அழைப்பதைப் போலப் பெயரும் வைத்தார்.

வேல்ஸின் தென்கரையில் பென்டைன் என்ற சிற்றூர் உண்டு. அங்கே கடல் வற்றும்போது ஏறக்குறைய 11 கிலோமீட்டர் நீளத்துக்குக் கெட்டியான மணல் பரப்பு விரியும். நேராக ஓட்டுவதற்கு அதைவிட நல்ல சாலை அன்று பிரிட்டனில் இல்லை. 1926 ஏப்ரல் இறுதியில் தாமஸ் பேப்ஸை அங்கே கொண்டு போனார். அப்போதைய உலகச் சாதனை மணிக்கு 245 கிலோமீட்டர். முதல் நாளே அதை 272க்கு உயர்த்தினார். மறுநாள் 275. போகும்போது ஒரு முறை, திரும்பும்போது ஒரு முறை என இரண்டு திசைகளிலும் ஓட்டி, சராசரி எடுத்துக் கணக்கிடுவது வழக்கம். ஆகவே காற்று தள்ளிவிட்டது என்று யாரும் சொல்ல முடியாது.

சாதனை என்பது வாடகை வீடு போன்றது. யாராவது வந்து காலி செய்யச் சொல்வார்கள். 1927 பிப்ரவரி 4ஆம் நாள் மால்கம் கேம்பல் அதே பென்டைன் மணலில் 281 கிலோமீட்டரைத் தொட்டார். தாமஸ் மீண்டும் பேப்ஸோடு புறப்பட்டார். உடல்நலம் சரியாக இல்லை. இருந்தும் 1927 மார்ச் 3ஆம் நாள் காரில் ஏறினார். உச்ச வேகத்தில் கார் நிலைகுலைந்து உருண்டது, தீப்பற்றியது. தாமஸ் அந்த இடத்திலேயே உயிரிழந்தார். அவருக்கு வயது 42.

ஒரு மாதம்கூட ஆகவில்லை. மார்ச் 29ஆம் நாள் அமெரிக்காவின் டேடோனா கடற்கரையில் ஹென்றி சீகிரேவ் மணிக்கு 327 கிலோமீட்டரைத் தாண்டினார். எந்த எண்ணுக்காகத் தாமஸ் உயிரைக் கொடுத்தாரோ, அந்த எண்ணே பழையதாகிவிட்டது. இதைப் படித்தபோது எனக்கு நெஞ்சு கனத்தது.

தாமஸ் புரூக்லாண்ட்ஸ் அருகே பைஃப்ளீட் தேவாலயத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார். அவருடைய காரை என்ன செய்வது? உடன் இருந்தவர்கள் அதை உடைத்து விற்கவில்லை. பென்டைன் மணலிலேயே குழி வெட்டிப் புதைத்தார்கள். மனிதருக்குச் செய்வது போலவே காருக்கும் செய்தார்கள். கதை அங்கே முடிந்திருக்க வேண்டும்.

முடியவில்லை. 42 ஆண்டுகள் கழித்து, அதாவது தாமஸ் வாழ்ந்த அதே எண்ணிக்கை ஆண்டுகள் கழித்து, 1969இல் ஓவன் வின் ஓவன் என்பவர் அதைத் தோண்டி எடுத்தார். அவர் பேங்கர் நகரத் தொழில்நுட்பக் கல்லூரியில் பொறியியல் விரிவுரையாளர். பழைய கார்களைப் புதுப்பிப்பதில் ஆர்வம் கொண்டவர். அந்த மணல் பகுதி அப்போது இராணுவத்தின் கட்டுப்பாட்டில் இருந்தது. ஒருவர் உயிரிழந்த காரைத் தோண்டலாமா, தூங்குவதைத் தூங்க விடலாகாதா என்ற கேள்வியும் எழாமல் இல்லை. ஓவன் மண்வெட்டியை எடுப்பதற்கு முன் செய்தது என்ன தெரியுமா? அனுமதி கேட்டார். இராணுவத்திடம் கேட்டார். தாமஸின் உறவினரிடமும் கேட்டார். அதன் பிறகே தோண்டினார்.

இந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். எங்கள் வீட்டுத் தார்ப்பாய் கண் முன்னே வந்தது. எனக்கும் அவருக்கும் இருந்த வித்தியாசம் திறமையில் மட்டும் இல்லை.

வெளியே வந்தது கார் அல்ல, காரின் எலும்புக்கூடு. உப்புநீர் உடல் தகடுகளைத் தின்றிருந்தது. ஓவன் கிடைக்கும் நேரங்களில் எல்லாம் வேலை செய்தார். ஒவ்வொரு பாகமாகக் கழற்றினார், துருவை நீக்கினார், முடிந்ததைக் காப்பாற்றினார், முடியாததைப் புதிதாகச் செய்தார். ஏறக்குறைய 15 ஆண்டுகள் அந்த உழைப்பு நீடித்தது. இறுதியில் பேப்ஸின் எஞ்சின் மீண்டும் உறுமியது. ஓவன் 2012இல் மறைந்தார். பேப்ஸ் பென்டைனிலும் புரூக்லாண்ட்ஸ் அருங்காட்சியகத்திலும் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டிருக்கிறது.

இந்தப் புதுப்பிப்பால் கிடைத்தது ஒரு காட்சிப் பொருள் மட்டுமா? இல்லை. தாமஸ் எப்படி இறந்தார் என்பதற்கு நெடுங்காலமாக ஒரு கதை சொல்லப்பட்டு வந்தது. சங்கிலி அறுந்து அவர் தலையில் தாக்கியது என்பதே அது. பழைய பென்ஸ் பாகங்களை நம்பியதால் செத்தார் என்பதைப் போன்ற ஒரு பழிச்சொல்லும் அதில் ஒட்டியிருந்தது. மணலிலிருந்து மீண்ட பாகங்களை ஆராய்ந்தபோது, வலப்புறப் பின்சக்கரம் முதலில் உடைந்திருக்க வேண்டும் என்ற கருத்து வலுப்பெற்றது. வாய் இல்லாத இரும்பு, 42 ஆண்டுகளுக்குப் பிறகு தன் எஜமானருக்காகச் சாட்சி சொன்னது! புதைத்தவர்களின் அன்பு உண்மையானதுதான். ஆனால் அந்தச் சாட்சியத்தையும் சேர்த்தே புதைத்துவிட்டார்கள்.

நண்பர்களே, பழைய காரைப் புதுப்பிப்பது பணக்காரர்களின் விளையாட்டு என்று நானும் ஒரு காலத்தில் எண்ணியதுண்டு. தாமஸின் வாழ்க்கை என் எண்ணத்தை மாற்றியது. அவரே இறந்த ஒருவரின் காரை எடுத்துத்தான் சாதனை படைத்தார். அவர் இறந்த பின் இன்னொருவர் அதே காரை எடுத்து அவருடைய வரலாற்றைத் திருத்தினார். ஒரு கார் மூன்று மனிதர்களின் கைகளைத் தாங்கி நிற்கிறது. அதைத் தொடுகிறவர் அந்தக் கைகளையும் தொடுகிறார். அதனால்தான் கேட்டுவிட்டுத் தொட வேண்டும்.

தீபாவளிக்கு வீட்டுக்குப் போனபோது பாட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து இந்தக் கதையைச் சொன்னேன். தமிழ்ப்பள்ளியில் படித்த தமிழை வைத்துக்கொண்டு கார்ப்புரேட்டரையும் பிஸ்டனையும் விளக்க நான் பட்ட பாடு கொஞ்சமன்று. பாட்டி இடையில் ஒன்றும் கேட்கவில்லை. சொல்லி முடித்ததும் மன்னிப்புக் கேட்டேன். பிறகு, காரைச் சரி செய்யலாமா என்றும் கேட்டேன்.

அவர் அன்று பதில் சொல்லவில்லை. மறுநாள் காலையில், சாமி அறையில் விபூதித் தட்டுக்குப் பின்னால் இருந்து கார்ச் சாவியை எடுத்துக் கொடுத்தார். இத்தனை ஆண்டுகள் அது அங்கேதான் இருந்திருக்கிறது, எங்களுக்குத்தான் தெரியவில்லை. ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். தாத்தா முன்கண்ணாடிக்குக் கீழே ஒட்டிவைத்த முருகன் படத்தை எடுக்கக் கூடாது. வண்ணம் பூசினாலும் சரி, கண்ணாடியை மாற்றினாலும் சரி, படம் அதே இடத்தில் இருக்க வேண்டும்.

எஞ்சின் இன்னும் ஓடவில்லை. பிரேக் குழாய்கள் முழுவதையும் மாற்ற வேண்டியிருக்கிறது. சித்தப்பா மகன் உதிரிப் பாகங்களைத் தேடி அலைகிறான். ஓவனுக்கு 15 ஆண்டுகள் ஆயின. எங்களுக்கு எத்தனை ஆகுமோ! ஆனால் தார்ப்பாய் இப்போது இல்லை. மாலை நேரங்களில் நாங்கள் வேலை செய்யும்போது பாட்டி நாற்காலியைப் பின்வாசலில் போட்டு உட்கார்ந்துகொள்கிறார். தாத்தா அந்தக் காரை எந்தச் சாலையில், யாரையெல்லாம் ஏற்றிக்கொண்டு ஓட்டினார் என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறார். அந்தக் கதைகளில் பாதியை நான் இதுவரை கேட்டதே இல்லை.