மரத்தடியில் பாடம் நடத்திய மகாகவி



நாம் பாடும் தேசிய கீதத்தை எழுதியவர் யார்னு கேட்டா ஆறாம் வகுப்புப் பிள்ளைகூட இரவீந்திரநாத் தாகூர்னு சொல்லிடும். 1913-ல் இலக்கியத்துக்கு நோபல் பரிசு வாங்கியவர் என்பதும் விநாடி வினாவில் அடிக்கடி வர்ற கேள்விதான். ஆனா அவர் எந்தப் பள்ளிக்கூடத்தையும் முழுசா முடிக்காதவர், பெரும்பாலும் வீட்டிலேயே படித்தவர், தன் பிள்ளைகளுக்கும் வீட்டிலேயே பாடம் சொல்லிக் கொடுத்தவர் என்பது நம்மில் பல பேருக்குத் தெரியாது. மரம், ஆறு, நட்சத்திரம் இதெல்லாம் அவர் வீட்டில் தனிப் பாடமாக இல்லாமல் வாழ்க்கையோடு எப்படிக் கலந்திருந்தது என்பதைத்தான் இந்த மாத சுவர் இதழில் எழுதுகிறேன்.

தாகூர் 1861 மே 7-ஆம் தேதி கல்கத்தாவில் ஜோராசாங்கோ என்ற இடத்தில் பிறந்தார். அப்பா தேவேந்திரநாத், அம்மா சாரதா தேவி. பெரிய பணக்காரக் குடும்பம். அதில் இவர்தான் கடைக்குட்டி. பணக்கார வீட்டுப் பிள்ளைன்னா ஜாலியா ஊர் சுத்தியிருப்பார்னு நினைப்போம் இல்லையா? அதுதான் இல்லை. வேலைக்காரர்களின் கையில்தான் வளர்ந்தார். ஷியாம் என்ற வேலைக்காரர் பிள்ளையை ஓர் இடத்தில் உட்கார வைத்து, சுற்றிலும் சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டுவிட்டுப் போய்விடுவார். வட்டத்தைத் தாண்டினால் ஆபத்து என்று பயமுறுத்துவார். ராமாயணத்தில் கோட்டைத் தாண்டிய சீதைக்கு என்ன ஆச்சுன்னு தெரிந்த பிள்ளை அசையாமல் உட்கார்ந்திருக்கும்.

நல்லவேளை, பக்கத்தில் ஒரு ஜன்னல் இருந்தது. ஜன்னலுக்குக் கீழே ஒரு குளம், படித்துறை, கரையில் பெரிய ஆலமரம், இன்னொரு பக்கம் தென்னை மரங்கள். யார் யார் எப்போ குளிக்க வர்றாங்க, ஒவ்வொருத்தரும் எப்படி முங்கி எழுறாங்க, உச்சி வெயிலில் எல்லாரும் போனபிறகு வாத்துகள் என்ன செய்யுது என்று நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டே இருப்பார். அந்த ஆலமர விழுதுகளை வயசான பிறகும் அவர் மறக்கவில்லை. இன்னொரு விஷயம். தாழ்வாரத்தின் மூலையில் சேர்ந்திருந்த தூசியில் ஒரு சீத்தாப்பழ விதையைப் புதைத்து, முளைக்குமா முளைக்குமான்னு தினமும் தண்ணீர் ஊற்றிப் பார்ப்பாராம். வெளியே விடாத பிள்ளைக்கு அந்த ஒரு கைப்பிடி தூசிதான் தோட்டம்!

பள்ளிக்கூடம் ஒன்றல்ல, நாலு மாற்றினார்கள். எதிலும் மனசு ஒட்டவில்லை. வீட்டில் மட்டும் பாடத்துக்குக் குறைவில்லை. அண்ணன் ஹேமேந்திரநாத் போட்ட அட்டவணைப்படி விடியும் முன்பே மல்யுத்தம், பிறகு கணக்கு, பூகோளம், ஓவியம், உடற்பயிற்சி, ராத்திரி இங்கிலீஷ். ராத்திரி விளக்கு வெளிச்சத்தில் தூக்கம் தூக்கமாக வருமாம். அதில் அவருக்குப் பிடித்தது அறிவியல் ஆசிரியர் சீதாநாத் தத்தர் வரும் நாள்தான். மரத்தூளைத் தண்ணீரில் போட்டுச் சூடாக்கி, சூடான தண்ணீர் மேலே போவதையும் குளிர்ந்த தண்ணீர் கீழே வருவதையும் கண்ணால் பார்க்க வைத்தார். நாம் வெப்பச்சலனம் என்று படிக்கிறோமே, அதேதான்.

1873-ல்தான் அவர் வாழ்க்கையில் கதவு திறந்தது. அப்போது வயது பதினொன்று. பூணூல் போட்டு மொட்டை அடித்த தலையோடு இருந்த பிள்ளையை அப்பா தன்னோடு பயணம் அழைத்துப் போனார். முதலில் போல்பூர் பக்கத்தில் சாந்திநிகேதன். அங்கே செம்மண் பள்ளங்களில் இறங்கி விதவிதமான கற்களைப் பொறுக்கி வருவார் தாகூர். கண்ட கல்லையும் ஏண்டா எடுத்துட்டு வர்றேன்னு அப்பா திட்டவில்லை. அந்தக் கற்களை வைத்தே ஒரு மண்மேட்டை அலங்காரம் பண்ணச் சொன்னார். பிறகு அமிர்தசரஸ் வழியாக இமயமலையில் டல்ஹௌசி. விடியற்காலையில் எழுப்பி சமஸ்கிருதம், அடுத்து நடை, ஐஸ் மாதிரி தண்ணீரில் குளியல். பகலில் கையில் ஒரு தடியைக் கொடுத்து தேவதாரு காட்டுக்குள் தனியாகப் போகவிட்டார். ராத்திரி வானத்தைக் காட்டி இது இன்ன கோள், இது இன்ன நட்சத்திரம் என்று சொல்லித் தந்தார். சாக்பீஸ் வட்டத்துக்குள் இருந்த பிள்ளைக்கு ஒரு மலையே கிடைத்தது. இதற்குத் தனி ஆசிரியர் யாரும் வரவில்லை. கூடவே நின்ற அப்பாவும், தனியாகப் போக அவர் கொடுத்த தைரியமும்தான் காரணம் என்று நான் நினைக்கிறேன்.

பதின்மூன்று வயதில் அம்மா இறந்துபோனார். அந்தச் சமயத்திலேயே பள்ளிக்கூடமும் நின்றது. 1878-ல் படிக்க இங்கிலாந்து போய், பட்டம் வாங்காமலே திரும்பினார். 1883-ல் மிருணாளினி தேவியோடு கல்யாணம். மணப்பெண்ணுக்கு அப்போது பத்து வயதுகூட நிறையவில்லை. இவர்களுக்கு மாதுரிலதா, ரதீந்திரநாத், ரேணுகா, மீரா, சமீந்திரநாத் என்று ஐந்து பிள்ளைகள்.

குடும்ப நிலங்களைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு வந்ததால் 1898-ல் குடும்பத்தோடு பத்மா நதிக்கரையில் ஷிலைதஹா என்ற ஊருக்குப் போனார். இப்போது அது வங்காளதேசத்தில் இருக்கிறது. அங்கே பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கவில்லை. வீட்டையே பள்ளிக்கூடம் ஆக்கினார். வங்காளியை அவரே சொல்லிக்கொடுத்தார். இங்கிலீஷுக்கு லாரன்ஸ் என்ற வெள்ளைக்காரர். இவருக்குப் பட்டுப்புழு வளர்ப்பதில் பைத்தியம். வீட்டில் பட்டுப்புழுக்கள் முசுக்கட்டை இலை தின்று கூடு கட்டுவதைப் பிள்ளைகள் தினமும் பார்த்தார்கள். கணக்கும் அறிவியலும் ஜகதானந்த ராய். இவர் பிற்காலத்தில் பறவைகள், பூச்சிகள், கிரகங்கள் பற்றியெல்லாம் பிள்ளைகளுக்காக வங்காளியில் புத்தகங்கள் எழுதினார்.

இன்னொரு விருந்தாளி யார் தெரியுமா? செடிகளைப் பற்றி ஆராய்ச்சி செய்த ஜகதீஷ் சந்திர போஸ்! வார விடுமுறையில் வந்து தங்குவார். வரும்போதெல்லாம் தாகூர் ஒரு புதுக் கதை படித்துக் காட்ட வேண்டும் என்பது அவர் போட்ட நிபந்தனை. பகலில் பையன் ரதீந்திரநாத்தைக் கூட்டிக்கொண்டு ஆற்று மணல் திட்டுக்குப் போய், ஆமை வந்துபோன தடத்தை வைத்து முட்டை எங்கே புதைந்திருக்கும் என்று கண்டுபிடிக்கச் சொல்லித் தருவார். அந்தக் காலத்தில் அதைச் சாப்பிட எடுத்தார்கள். இப்போது சட்டப்படி அது குற்றம். நமக்குக் கிழக்கே நீலாங்கரை கடற்கரையில் ஜனவரி முதல் மார்ச் வரை, பங்குனி ஆமை முட்டைகளைக் காப்பாற்றுவதற்காக மாணவர்கள் ராத்திரியில் நடக்கிறார்களே, அவர்களும் இதே மாதிரி மணலில் தடம் பார்த்துத்தான் கண்டுபிடிக்கிறார்கள்.

இதையெல்லாம் படிக்கிறப்போ எனக்கு ஆசையாக இருந்தது. ஆனால் அடுத்த விஷயம் தெரிந்ததும் மனசு கஷ்டமாகிவிட்டது. மூத்த பெண் மாதுரிலதாவும் தம்பியோடு அதே ஆசிரியர்களிடம்தான் படித்தார். நன்றாக எழுதக்கூடியவர், கதைகூட எழுதியிருக்கிறார். அவருக்கு 1901-ல் கல்யாணம் செய்துவிட்டார்கள். வயது பதினான்கு. அதாவது நம்ம வகுப்பு வயசு. அதே வருஷம் ரேணுகாவுக்கும் கல்யாணம். அவருக்குப் பத்து வயசுதான். தம்பி ரதீந்திரநாத் 1906-ல் அமெரிக்கா போய் விவசாயம் படித்தார். அக்காவுக்கு ஆற்றங்கரைப் பாடம் பதினான்கோடு முடிந்தது. பிள்ளைகளை வட்டத்துக்கு வெளியே விட்ட இவ்வளவு பெரிய மனிதராலும் பெண் பிள்ளைகளைச் சுற்றி ஊர் போட்ட வட்டத்தை அப்போது அழிக்க முடியவில்லை. பெரியவர்களின் வாழ்க்கையை எழுதும்போது இதையும் மறைக்காமல் எழுத வேண்டும் என்பது என் கருத்து. இன்று பெண்ணுக்குக் கல்யாண வயது 18 என்று சட்டம் இருப்பதால்தான் நாம் நிம்மதியாக ஒன்பதாம் வகுப்பு படிக்கிறோம்.

1901 டிசம்பர் 22-ஆம் தேதி சாந்திநிகேதனில் ஐந்தே மாணவர்களோடு ஒரு பள்ளியைத் தொடங்கினார் தாகூர். அதில் ஒருவர் அவருடைய மகன் ரதீந்திரநாத். வகுப்பறை கிடையாது, மரத்தடிதான். நம்ம ஊரில் முன்காலத்தில் திண்ணையில் உட்கார்ந்து மணலில் எழுதிப் படித்தார்களே, அந்த மாதிரி. முதலில் சம்பளமும் வாங்கவில்லை. செலவுக்கு மிருணாளினி தேவி தன் நகைகளைக் கழற்றிக் கொடுத்தார். அந்த அம்மாவின் பெயர் நமக்குத் தெரியவில்லை என்றாலும், அந்தப் பள்ளியில் பாதி அவருடையது என்றே சொல்வேன்.

பிறகு துக்கத்துக்கு மேல் துக்கம். 1902 நவம்பரில் மிருணாளினி தேவி இறந்தார். 1903-ல் ரேணுகா இறந்தார். கடைசிப் பையன் சமீந்திரநாத் 1907 தொடக்கத்தில், நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு, வேஷம் போட்டுப் பாடி ஆடி, பருவ காலங்களுக்காக சாந்திநிகேதனில் ஒரு விழா நடத்தினான். அதே வருஷம் நவம்பரில் காலராவில் இறந்துபோனான். பதினோரு வயதுகூட நிறையவில்லை. தாகூர் பள்ளியை மூடிவிடவில்லை. மகன் தொடங்கிய விழாவை விடவும் இல்லை. வசந்தம், மழை, இலையுதிர்காலம் என்று ஒவ்வொரு பருவத்துக்கும் பாட்டும் நாடகமும் எழுதினார். ஒரு சின்னப் பையன் தொடங்கியது இன்றைக்கு வசந்த விழாவாக நடக்கிறது.

தேஜேஷ் சந்திர சென் என்ற ஆசிரியர் அங்கே இருந்தார். அவருடைய வீடு ஒரு பனைமரத்தை வெட்டாமல் நடுவில் விட்டு, அதைச் சுற்றிக் கட்டிய குடிசை. கூரைக்கு மேலே பனை நிற்கும்! 1928-ல் தாகூர் மரம் நடும் விழாவைத் தொடங்கினார். மரக்கன்றை அலங்கரித்துப் பல்லக்கில் வைத்துப் பாட்டோடு தூக்கி வருவார்கள். பிற்காலத்தில் அங்கே பெண் பிள்ளைகளும் சேர்ந்து படித்தார்கள். இந்திரா காந்தி அம்மையாரும் 1934-ல் அங்கே சேர்ந்தவர்தான்.

1937-ல், 76 வயதில், அணு முதல் நட்சத்திரம் வரை விளக்கி பிள்ளைகளுக்காக ஒரு அறிவியல் புத்தகம் எழுதினார். கவிஞருக்கு ஏன் இந்த வேலைன்னு கேட்கலாம். டல்ஹௌசியில் அப்பா காட்டிய நட்சத்திரங்கள் 64 வருஷம் கழித்தும் அவர் மனசில் அணையவில்லை, அதுதான் காரணம். 1941 ஆகஸ்ட் 7-ஆம் தேதி, பிறந்த அதே வீட்டில் தாகூர் காலமானார். அவர் நினைவு நாளில் இன்றும் சாந்திநிகேதனில் மரம் நடுகிறார்கள். 2023-ல் யுனெஸ்கோ அந்த இடத்தை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

தோழர்களே, நமக்கு இமயமலை பக்கத்தில் இல்லை. ஆனா சேலையூர் ஏரி இருக்கு. தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரிக் காட்டில் புள்ளிமான்கூட இருக்கு. பள்ளிக்கு வர்ற வழியில் வேம்பு, புங்கன், சரக்கொன்றை இருக்கு. ஆளுக்கு ஒரு மரத்தை எடுத்துக்கொள்வோம். என்றைக்கு இலை கொட்டியது, என்றைக்குத் துளிர் விட்டது, பூ வந்தது, எந்தப் பறவை கூடு கட்டியது என்று தேதியோடு குறிப்போம். வீட்டில் தாத்தா பாட்டியிடம் அந்த மரத்தைப் பற்றிக் கேட்போம். அம்மாவையும் தம்பி தங்கையையும் கூட்டிப்போய்க் காட்டுவோம். இதற்குப் பரீட்சையும் இல்லை, மார்க்கும் இல்லை. ஆசிரியர்கள் அனுமதி கொடுத்தால் இந்தச் சுவர் இதழுக்குப் பக்கத்திலேயே ஒரு அட்டை மாட்டி, வாரா வாரம் எழுதி ஒட்டலாம். முதல் மரமாக நான் நம்ம தண்ணீர்த் தொட்டி ஓரத்துப் புங்கனை எடுத்துக்கொள்கிறேன். மீதியெல்லாம் உங்களுக்கு!



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி