ரோல்ஃப் சீவர்ட்

ரோல்ஃப் மேக்சிமிலியன் சீவர்ட் (மே 6, 1896 - அக்டோபர் 3, 1966) சுவீடன் நாட்டைச் சேர்ந்த மருத்துவ இயற்பியலாளர் ஆவார். மருத்துவமனைகளில் கதிரியக்கப் பொருள்களைக் கையாள்வோரின் பாதுகாப்பு விதிகள் உருவாவதற்கு அடித்தளமிட்டவர்களுள் முதன்மையானவர். கதிர்வீச்சின் உயிரியல் விளைவை அளக்கும் அலகு இவர் பெயரால் சீவர்ட் எனப்படுகிறது.

வாழ்க்கை

சீவர்ட் ஸ்டாக்ஹோம் நகரில் பிறந்தார். தந்தை மின்கம்பி வடத் தொழிற்சாலை உரிமையாளர். குடும்பத்தில் செல்வம் இருந்தமையால், புற்றுநோய் மருத்துவமனையான ரேடியம்ஹெம்மெட்டில் தொடக்கத்தில் ஊதியம் பெறாமலே பணியாற்ற முடிந்தது. 1924 முதல் 1937 வரை அதன் இயற்பியல் ஆய்வகத்துக்குத் தலைமை வகித்தார். பின்னர் கரோலின்ஸ்கா நிறுவனத்தின் கதிர்வீச்சு இயற்பியல் துறைத் தலைவரானார்.

பாதுகாப்புப் பணிகள்

அக்காலத்தில் ரேடியமே முதன்மையான கதிரியக்க மருந்து. ரேடியம் ஊசிகளை எடுத்து வைக்கும் செவிலியரும் மருத்துவரும் எவ்வளவு கதிர்வீச்சைப் பெறுகின்றனர் என்பதை அறிய வழியில்லை. தோல் சிவக்கும் அளவே அளவுகோலாக இருந்தது. அதுவும் மருத்துவமனைக்கு மருத்துவமனை வேறுபட்டது. சீவர்ட் சிறிய அயனியாக்க அறைகளை வடிவமைத்துப் பணியாளர் பெறும் அளவை நேரடியாக அளந்தார். தோல் சிவக்கும் அளவில் பத்தில் ஒரு பங்கை ஓராண்டுக்கான வரம்பாகக் கொள்ளலாம் என 1925 இல் முன்மொழிந்தார். இன்றைய வரம்புகளோடு ஒப்பிட்டால் இது பன்மடங்கு மிகுதியாகும். எனினும் எண்ணால் வரம்பு கட்டும் முயற்சிகளுள் இது மிக முந்தியது.

1928 இல் ஸ்டாக்ஹோமில் கூடிய கதிரியல் மாநாட்டில் பன்னாட்டுப் பாதுகாப்புக் குழு தோன்றியது. சீவர்ட் அதன் முதல் தலைவரானார். ரேடியத்தைக் கையால் தொடாமல் இடுக்கியால் எடுத்தல், நாளுக்கு ஏழு மணி நேரத்துக்கு மேல் பணியாற்றாமை, ஆண்டுக்கு ஒரு மாத விடுப்பு ஆகியவற்றை அக்குழு பரிந்துரைத்தது. ஆனால் கதிர்வீச்சு அளவுக்கு எண் வரம்பு எதையும் அது கூறவில்லை. எக்சு-கதிர்களுக்கு நாளொன்றுக்கு 0.2 ராண்ட்ஜன் என்னும் வரம்பு 1934 இல்தான் வந்தது.

பரிந்துரையைப் பின்பற்றுவது மருத்துவமனையின் விருப்பமாகவே இருந்தது. சுவீடனின் 1941 ஆம் ஆண்டுச் சட்டம் இந்நிலையை மாற்றியது. கதிரியல் பணிக்கு உரிமம் கட்டாயமாயிற்று. சீவர்ட்டின் நிறுவனமே மருத்துவமனைகளை ஆய்வு செய்தது. 1956 முதல் 1962 வரை கதிரியல் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஆணையத்துக்கும் அவர் தலைமை தாங்கினார்.

சீவர்ட் அலகு

இவர் மறைந்து 13 ஆண்டுகளுக்குப் பின், 1979 இல் இவ்வலகு ஏற்கப்பட்டது. 1 சீவர்ட் 100 ரெம்முக்குச் சமம். அயோடின்-131 போன்ற மருந்துகளைக் கையாளும் இந்திய மருத்துவமனைப் பணியாளருக்கு ஐந்தாண்டுகளில் மொத்தம் 100 மில்லிசீவர்ட், எந்த ஓராண்டிலும் 30 மில்லிசீவர்ட் என அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் வரம்பு விதித்துள்ளது.