கொன்ற நோயை வென்ற சுப்பாராவ்

அந்நாளைய சென்னை ராஜதானியில், பீமாவரத்தில் 1895-ம் ஆண்டு பிறந்தவர் டாக்டர் எல்லாப்பிரகட சுப்பாராவ். ஸ்புரூ என்னும் குடல் நோய் அவருடைய சகோதரர்கள் இருவரைக் கொண்டுபோயிற்று. அந்நோயில் வாய் புண்ணாகும், இரத்தம் குன்றும்.

சென்னை மருத்துவக் கல்லூரியில் கதர் அணிந்ததால் ஆங்கிலப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளானார். எம்.பி.பி.எஸ். கிட்டவில்லை, எல்.எம்.எஸ். சான்றிதழே கிடைத்தது.

1923-ல் அமெரிக்கா சென்றார். பின்னாளில் லெடர்லி ஆய்வுக்கூடத்தில் அவர் தலைமையில் ஃபோலிக் அமிலம் தயாராயிற்று. ஸ்புரூவுக்கு மருந்து பிறந்தது. அந்த அமிலத்தின் வேலையைத் தடுக்கும் அமினாப்டரினும் மெத்தோட்ரெக்சேட்டும் அங்கேயே உருவாயின. இரத்தப் புற்றுநோய் கண்ட 16 குழந்தைகளில் 10 பேருக்கு அமினாப்டரின் தற்காலிகக் குணம் தந்ததை டாக்டர் சிட்னி ஃபார்பர் 1948-ல் அறிவித்தார். அவ்வாண்டு ஆகஸ்டிலேயே சுப்பாராவ் காலமானார், வயது 53.

விந்தையைப் பாருங்கள்! மெத்தோட்ரெக்சேட் மிஞ்சினால் அதே வாய்ப்புண், அதே இரத்தக் குறைவு. ஆகவே நர்ஸ் நாள்தோறும் நோயாளியின் வாயைப் பார்த்து, உப்பு நீரால் கொப்பளிக்கச் செய்ய வேண்டும். பெரிய அளவில் மருந்து ஏற்றினால், ஃபோலினிக் அமிலத்தைக் குறித்த மணிக்குத் தவறாமல் கொடுக்க வேண்டும். வெள்ளணுக்கள் குறைந்த உடலில் காய்ச்சல் பேராபத்து. கொடைக்கானல் மலைக் கிராமமானாலும், விடியட்டும் என்று காத்திராமல் ஆஸ்பத்திரிக்குப் புறப்பட வேண்டும்.