எண் போடாத பிரின்ட்... எடுத்துப் போட மனசு வராத படம்! - காலண்டர் ஓவியர் கொண்டையராஜு கதை

14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில், திருவண்ணாமலை பெரிய கோயிலுக்கு மலையின் மறுபக்கம் இருக்கிறது அடி அண்ணாமலை. இந்த மாதிரி ஊர்ல, பழைய வீட்டுச் சுவரில் பழுப்பேறிய சாமி காலண்டர் படம் ஒன்று தொங்கலாம். அதன் கீழ் ஓரத்தில் பொடி எழுத்தில் சி.கொண்டையராஜு என்று இருக்கிறதா? அவசரப்பட்டு பழைய பேப்பர்காரரிடம் போட்டுடாதீங்க!

அந்தப் பெயருக்கும் இந்த மலைக்கும் ஒரு சொந்தம் இருக்கு.

ஆசிரமம் டு நாடகக் கொட்டகை

1898-ல் பிறந்த கொண்டையராஜு, சென்னை ஓவியப் பள்ளியில் முறையாகப் படித்தவர். கையில் தொழில் இருந்தும் மனசு துறவு பக்கம் சாய, திருவண்ணாமலைக்கு வந்து ரமணர் ஆசிரமத்தில் சில காலம் தங்கினார். பிறகு மறுபடியும் தூரிகை அவரை இழுத்துக்கொண்டது. ஊர் ஊராகப் போன நாடகக் கம்பெனியில் சீன் திரை வரையும் வேலை. மாளிகை, மலை, தாமரைக்குளம் எல்லாம் கடைசி வரிசை ஆளுக்கும் பளிச்சுனு தெரியணும்.

1940-களில் கோவில்பட்டியில் தங்கிவிட்டார். பக்கத்திலேயே சிவகாசி. அச்சகங்களுக்குக் காலண்டர் படம் தேவைப்பட, அவர் வரைந்த முருகனும் மீனாட்சியும் லட்சுமியும் மளிகைக்கடை, ஜவுளிக்கடை பெயரோடு வீடு வீடாகப் போனார்கள். சாமிக்குப் பின்னால் தெரியும் மலையும் மாளிகையும் அதே நாடகத் திரைதான்! டி.எஸ்.சுப்பையா போன்ற சீடர்கள் பெயரும் அவர் பெயரோடு சேர்ந்தே அச்சானது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சீடர்கள்தான் குடும்பம்.

எது அபூர்வம்?

இன்னைக்கு கேலரியில் லிமிடெட் எடிஷன் அப்ஸ்ட்ராக்ட் பிரின்ட் வாங்கினால், ஓரத்தில் பென்சிலால் 7/50 என்று இருக்கும். மொத்தமே 50 பிரதி, இது ஏழாவது என்று அர்த்தம். பக்கத்தில் ஓவியரின் கையெழுத்து. அதற்கு மேல் அடிக்க மாட்டோம் என்ற வாக்குறுதிக்கும் சேர்த்துத்தான் அந்த விலை.

கொண்டையராஜு படங்களுக்கு அப்படி எந்த வாக்குறுதியும் கிடையாது. ஆர்டர் வந்தால் அச்சடிப்பார்கள், அவ்வளவுதான். ஆனா, காலண்டருக்கு ஆயுசு ஒரு வருஷம். டிசம்பர் முடிந்தால் பாதி குப்பைக்குப் போச்சு. மிச்சத்தைக் கரையானும் ஈரமும் பார்த்துக்கொண்டன. சாமி படமாச்சே என்று சிலர் ஃப்ரேம் போட்டு மாட்டினார்கள். பூஜை அறையில் தப்பித்தவைதான் இன்று சேகரிப்பவர்கள் தேடும் பிரதிகள். அங்கே எண்ணிக்கையை ஓவியர் முடிவு செய்கிறார்; இங்கே முடிவு செய்தது நம்ம வீட்டுப் பாட்டிகள்!

வாங்கும் முன்...

* மொபைல் கேமராவில் ஜூம் பண்ணுங்க. பழைய அச்சில் மைப் புள்ளிகள் தெரியும். அதோடு ஓவியமும் மங்கலாகவே இருந்தால், பழைய படத்தை ஸ்கேன் செய்து அடித்த புதுப் பிரதியாக இருக்கலாம்.
* நான்கு ஓரமும் முழுசா இருக்கணும். ஃப்ரேமுக்காக வெட்டியதில் ஓவியர் பெயர் போயிருந்தால் மதிப்பு குறையும்.
* கடைப் பெயரும் வருஷமும் இருந்தால் அசிங்கம்னு நினைக்காதீங்க. படத்தின் வயதுக்கு அதுதான் சாட்சி.
* குங்குமக் கறையைத் துடைக்காதீங்க. ஈரத்துணி பட்டால் தாளும் சேர்ந்து போகும்.

1976-ல் கோவில்பட்டியின் இந்த ஓவியர் மறைந்தார். அவர் படங்கள் எத்தனையோ வீடுகளில் விளக்கேற்றிக் கும்பிடப்பட்டன. வரைந்தவர் யாருன்னு மட்டும் பெரும்பாலும் யாரும் கேட்கவில்லை. அடுத்த முறை ஊருக்குப் போனா பூஜை அறைப் படத்தின் கீழ் ஓரத்தைப் பாருங்க. பெயர் இருந்தால், விற்கிறதுக்கு முன்னாடி பாட்டிகிட்ட அது எந்த வருஷம், எந்தக் கடை கொடுத்ததுன்னு கேட்டு எழுதி வெச்சுக்கோங்க!