குணங்குடியார் பாடிய காதல்

இராமநாதபுரம் சீமையில் தொண்டிக்குப் பக்கத்தில் குணங்குடி என்றொரு சிற்றூர். கோலாலம்பூரிலும் கிள்ளானிலும் கடை வைத்திருக்கும் நம்மில் பலருடைய பாட்டனார்கள் கப்பலேறி வந்தது அந்தக் கரையோர ஊர்களிலிருந்துதான். சுல்தான் அப்துல் காதிர் என்ற இயற்பெயர் கொண்ட குணங்குடி மஸ்தான் சாகிபு அவர்கள், 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் அங்கே பிறந்தார்கள்.

கீழக்கரையில் தைக்கா சாகிபு ஆலிம் அவர்களிடம் மார்க்கக் கல்வி கற்றார்கள். வாலிப வயதில் தாய்மாமன் மகளைப் பேசி முடிக்க வீட்டார் முனைந்தபோது, சம்மதிக்காமல் ஊரை விட்டுப் புறப்பட்டார்கள். பிறகு காதிரிய்யா தரீக்காவில் தீட்சை, மலையிலும் காட்டிலும் தனித்திருந்து தவம். வரலாறு எழுதுவோர் இதைத் துறவின் பெருமையாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அந்தப் பெண்ணின் மனம் என்ன பாடுபட்டிருக்கும் என்று யாரும் எழுதவில்லை. பெண் பிள்ளைகளைப் பெற்ற நமக்கு அது நினைவுக்கு வராமல் போகாது.

மஸ்த் என்றால் பாரசீகத்தில் போதை. அல்லாஹ்வின் மீது கொண்ட இஷ்கில் தன்னை மறந்து திரிந்ததால் மஸ்தான் என்று அழைத்தார்கள். திருமணத்தை மறுத்து வெளியேறிய இவர்கள்தான் தமிழில் உருக்கமான காதல் பாட்டுகளைப் பாடினார்கள் என்பது யோசிக்க வைக்கிறது. மனோன்மணிக் கண்ணியில் இறைவனை மனோன்மணி என்ற பெண்ணாக்கித் தம்மைக் காதலனாக வைத்துப் பாடுகிறார்கள். ஒரு பார்வைக்கு ஏங்குவது, வரக் காணோமே என்று கோபிப்பது, மணம் முடிக்க மன்றாடுவது, பிரிவில் உடல் மெலிவது என்று காதலன் படும் பாடெல்லாம் அதில் உண்டு. தமிழில் பக்திப் பாட்டென்றால் அடியார் பெண்ணாகவும் இறைவன் ஆணாகவும் இருப்பதே பெருவழக்கு. குணங்குடியார் அதைத் திருப்பிப் போட்டார்கள். லைலாவைத் தேடும் மஜ்னூனைப் போல இறைவனைத் தேடுவது பாரசீக சூஃபிகளின் வழி. ஆனால் மனோன்மணி என்ற சொல்லோ நம் சித்தர்களுடையது. இரண்டு சரக்கையும் ஒரே கடையில் வைத்தார்கள் என்றுதான் வியாபாரிகளான நமக்குச் சொல்லத் தெரிகிறது.

இப்படிப் பாடலாமா என்று கேட்பவர்கள் அன்றும் உண்டு, இன்றும் உண்டு. இறைவன் ஆணுமல்ல, பெண்ணுமல்ல என்பது நம் ஈமான். பிள்ளைகள் இந்தப் பாட்டைக் கேட்டுத் தப்பாக விளங்கிக்கொள்வார்களோ என்று நம் பெரியவர்கள் அஞ்சுவதில் நியாயம் இருக்கிறது. 1240இல் டமாஸ்கஸில் மறைந்த இப்னு அரபி அவர்களுக்கும் இதே சோதனை வந்தது. அவர்களுடைய காதல் கவிதைகளை வெறும் பெண் மோகம் என்று சிலர் பழித்தபோது, ஒவ்வொரு பாட்டுக்கும் அவர்களே விளக்கம் எழுத வேண்டியதாயிற்று. எங்கள் கருத்து இதுதான்: பாட்டை ஒளித்து வைப்பதைவிட, பொருள் சொல்லிப் பிள்ளைகளுக்குக் கொடுப்பது மேல். நரகத்துக்குப் பயந்தோ சொர்க்கத்துக்கு ஆசைப்பட்டோ வணங்காமல், அவனுக்காகவே அவனை வணங்க வேண்டும் என்ற பஸ்ரா நகரத்து ராபியா அம்மையாரின் வழியில் வந்த காதல் இது. உடம்பு சார்ந்த ஆசையை இவர்களே பல பாட்டுகளில் கடுமையாகத் தள்ளியிருக்கிறார்கள். சில இடங்களில் பெண்களைப் பற்றி அளவுக்கு மீறியும் பேசிவிடுகிறார்கள்.

தாயுமானவரைப் போலவே இவர்களும் பராபரக் கண்ணி என்ற பெயரில் பாடினார்கள். முகியித்தீன் ஆண்டகை மீது சதகமும் பாடினார்கள். சீடர்களில் இந்துக்களும் இருந்தார்கள். அய்யாசாமி முதலியார் தம் குருநாதர் மீது அந்தாதி பாடினார். திருத்தணிகைச் சரவணப்பெருமாள் ஐயர் நான்மணிமாலை பாடினார். பிரிக்பீல்ட்ஸில் பக்கத்துப் பக்கத்துக் கடைகளில் பிழைக்கும் நமக்கு இதில் அதிசயம் எதுவும் தெரியாது.

கடைசிக் காலத்தைச் சென்னை இராயபுரத்தில் கழித்து, 1838இல் அங்கேயே மறைந்தார்கள். தொண்டியார் வாழ்ந்ததால்தான் தண்டையார்பேட்டைக்கு அந்தப் பெயர் வந்தது என்று சொல்வாரும் உண்டு. அடக்கத்தலம் இராயபுரத்தில் இருக்கிறது. சரக்கெடுக்கச் சென்னை போய் மண்ணடியில் தங்கும் நம்மவர்களுக்கு அது தூரமில்லை. ஆட்டோவில் போய் ஒரு ஃபாத்திஹா ஓதிவிட்டு, கடை திறப்பதற்குள் திரும்பிவிடலாம்.